விலைக்குக் கடிவாளம், விலைக்குச் சாட்டை: டீலர் காமா என்ன செய்கிறது?

2012 ஜூலை 19, வியாழக்கிழமை. அன்று அமெரிக்கச் சந்தையில் கோகோ கோலா பங்கின் விலைப் படத்தைப் பார்த்தவர்கள், முதலில் தங்கள் திரையில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்திருப்பார்கள். அரை மணி நேரம் ஏற்றம், அடுத்த அரை மணி இறக்கம், மறுபடி ஏற்றம், மறுபடி இறக்கம். ரம்பத்தின் பற்களை ஸ்கேல் வைத்து வரைந்த மாதிரி இருந்தது. மெக்டொனால்ட்ஸ், ஐபிஎம், ஆப்பிள் பங்குகளிலும் அன்று அதே ரம்பப் பல். நல்ல செய்தியும் கெட்ட செய்தியும் கடிகாரம் பார்த்து அரை மணிக்கொரு முறை வருவதில்லை. மறுநாள் ஜூலை மாத ஆப்ஷன்கள் காலாவதியாகும் வெள்ளிக்கிழமை. ஆராய்ந்தவர்களின் சந்தேகம், ஒரு பெரிய ஆப்ஷன் நிலையை ஹெட்ஜ் செய்ய, அதாவது அதன் அபாயத்தை எதிர் வணிகத்தால் கழிக்க, ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒரு புரோகிராம் மேல் விழுந்தது.

ஒரு பங்கை வாங்குகிறவர், விற்கிறவர் எல்லாருமே அந்த நிறுவனத்தைப் பற்றி ஏதோ ஒரு கருத்தோடுதான் வருகிறார்கள் என்று நாம் பொதுவாக நினைத்துக்கொள்கிறோம். லாபம் கூடும் என்று நினைப்பவர் வாங்குகிறார், குறையும் என்று நினைப்பவர் விற்கிறார். ஆனால் தினமும் பெரிய அளவில் வாங்கியும் விற்றும் வரும் ஒரு கூட்டத்துக்கு அப்படி எந்தக் கருத்தும் கிடையாது. நிறுவனம் குளிர்பானம் விற்கிறதா, கணினி விற்கிறதா என்பதுகூட அவர்களுக்குத் தேவையில்லை. விலை அசைந்தது, அதனால் வாங்குகிறார்கள். விலை அசைந்தது, அதனால் விற்கிறார்கள். ஆப்ஷன் டீலர்கள் அவர்கள்தான். விலை அசைந்தால் அவர்கள் எந்தப் பக்கம் திரும்புவார்கள் என்பதைத் தீர்மானிக்கும் எண்ணுக்குப் பெயர் காமா.

கொஞ்சம் அடிப்படையிலிருந்து வரலாம். கால் ஆப்ஷன் என்பது ஒரு பங்கைக் குறித்த தேதிக்குள் குறித்த விலைக்கு வாங்கும் உரிமை. புட் ஆப்ஷன் விற்கும் உரிமை. அந்தக் குறித்த விலைதான் ஸ்ட்ரைக். ஒரே பங்குக்கு நூற்றுக்கணக்கான ஸ்ட்ரைக், தேதிச் சேர்க்கைகள் இருக்கும்போது, நீங்கள் வாங்க நினைக்கும் அதே ஆப்ஷனை அதே நொடியில் விற்க எதிரே ஒருவர் காத்திருப்பது அபூர்வம். அந்த இடத்தை நிரப்புகிறவர் டீலர், அதாவது மார்க்கெட் மேக்கர். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவிலுள்ள சிறு வித்தியாசம்தான் அவர் பிழைப்பு. பங்கு ஏறுமா இறங்குமா என்று பந்தயம் கட்டுவது அவர் தொழில் இல்லை. அதனால் ஆப்ஷனை விற்ற கையோடு, அதிலிருக்கும் திசை அபாயத்தைப் பங்கை வாங்கியோ விற்றோ கழித்துவிடப் பார்ப்பார். இதுதான் டெல்டா ஹெட்ஜ்.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தால் எல்லாம் தெளிவாகிவிடும். பங்கின் விலை 100 டாலர். ஆண்டுக்கு 30 சதவீத ஏற்ற இறக்கம் இருக்கும் என்று ஆப்ஷன் விலைகள் சொல்கின்றன. சந்தையில் இதை ஐ.வி. என்பார்கள். காலாவதிக்கு 30 நாள் இருக்கிறது. 100 டாலர் ஸ்ட்ரைக் கொண்ட கால் ஆப்ஷனில் வாடிக்கையாளர்கள் 10,000 கான்ட்ராக்ட் வாங்குகிறார்கள், டீலர் விற்கிறார். அமெரிக்காவில் ஒரு கான்ட்ராக்ட் 100 பங்கு. ஆக, 10 லட்சம் பங்குக்கான ஆப்ஷன். இந்த ஆப்ஷனின் டெல்டா ஏறக்குறைய 0.52, பங்கு ஒரு டாலர் ஏறினால் ஆப்ஷன் 52 சென்ட் ஏறும் என்று பொருள். எனவே டீலர் 5.2 லட்சம் பங்குகளை வாங்கி வைத்துக்கொள்கிறார். இப்போதைக்குப் பங்கு சிறிது ஏறினாலும் இறங்கினாலும் அவருக்குக் கவலையில்லை.

ஆனால் டெல்டா ஒரே இடத்தில் நிற்காது. பங்கு 102க்குப் போனால் அதே ஆப்ஷனின் டெல்டா ஏறக்குறைய 0.61 ஆகிவிடும். டீலரிடம் இருக்கும் 5.2 லட்சம் பங்கு இப்போது போதாது. இன்னும் சுமார் 90,000 பங்கு வாங்கியாக வேண்டும். விலை மறுபடி 100க்கு வந்தால் அதே 90,000 பங்கு இப்போது கூடுதல் சுமை, விற்றாக வேண்டும். டெல்டா இப்படி மாறும் வேகம்தான் காமா. நம் கணக்கில் அது டாலருக்கு சுமார் 0.046.

டீலர் செய்ததைத் திரும்பப் பாருங்கள். 102ல் வாங்கினார், 100ல் விற்றார். எந்தப் புத்திசாலியும் செய்யாத வியாபாரம் இது. பிறகு ஏன் செய்கிறார்? ஆப்ஷனை விற்றபோது அதன் விலையை, அதாவது பிரீமியத்தை, வாங்கியிருக்கிறாரே! நாள் கழியக் கழிய அந்த ஆப்ஷனின் மதிப்பு தேய்கிறது. அந்தத் தேய்மானம் அவருக்கு வரவு. ஹெட்ஜில் விடும் நஷ்டம் செலவு. இரண்டும் எங்கே சமமாகும் என்பதற்கு டீலர்கள் ஒரு மனக்கணக்கு வைத்திருக்கிறார்கள்: ஐ.வி.யை 16ஆல் வகுக்க வேண்டும். ஆண்டுக்கு 252 வர்த்தக நாட்கள், அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 16, அவ்வளவுதான் ரகசியம். 30ஐ 16ஆல் வகுத்தால் 1.9. பங்கு ஒரு நாளில் 1.9 சதவீதத்துக்குள் அசைந்தால் டீலருக்கு லாபம், அதைத் தாண்டினால் நஷ்டம்.

இந்த டீலரைத்தான் ஷார்ட் காமாவில் இருக்கிறார் என்கிறோம். ஏறும்போது வாங்க வேண்டும், இறங்கும்போது விற்க வேண்டும். விலை எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கமே இவரும் ஓடுகிறார். ஓடும் குதிரைக்குச் சாட்டையடி.

இதையே திருப்பிப் போடலாம். பங்குகளைக் கையில் வைத்திருக்கும் ஒரு பெரிய ஃபண்ட், கூடுதல் வருமானத்துக்காகக் கால் ஆப்ஷன்களை எழுதி விற்கிறது. வாங்கிக்கொள்பவர் டீலர். இப்போது ஆப்ஷன் அவர் கையில் இருப்பதால், ஹெட்ஜுக்குப் பங்கை ஷார்ட் செய்திருப்பார், அதாவது கையில் இல்லாத பங்கைக் கடன் வாங்கி விற்றிருப்பார். விலை 102க்குப் போனால் டெல்டா கூடும், அவர் இன்னும் 90,000 பங்கு விற்பார். 100க்கு இறங்கினால் அந்த 90,000ஐத் திரும்ப வாங்குவார். உச்சத்தில் விற்று, பள்ளத்தில் வாங்குகிறார். ஒவ்வொரு அசைவிலும் அவருக்குச் சில்லறை சேரும். பதிலுக்கு, கையிலிருக்கும் ஆப்ஷன் தினமும் தேய்வதைத் தாங்கிக்கொள்கிறார். இதுதான் லாங் காமா. ஏறினால் விற்க ஒருவர், இறங்கினால் வாங்க ஒருவர் எப்போதும் தயாராக நிற்பதால் பங்கு அடங்கி நடக்கும். இது கடிவாளம்.

இங்கே நிறையப் பேர் தடுக்கி விழும் ஒரு இடம் உண்டு. கால் என்றால் டீலர் வாங்குவார், புட் என்றால் விற்பார், ஆகவே கால் காமா நல்லது, புட் காமா கெட்டது என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. ஒரே ஸ்ட்ரைக், ஒரே தேதி கொண்ட கால், புட் இரண்டுக்கும் காமா ஏறத்தாழ ஒன்றுதான். டீலர் புட் விற்றிருந்தாலும் அவர் ஷார்ட் காமாதான்: பங்கு இறங்க இறங்க மேலும் ஷார்ட் செய்வார், ஏறினால் திரும்ப வாங்குவார். காலா புட்டா என்பது பேச்சே இல்லை. டீலர் வாங்கினாரா விற்றாரா என்பதுதான் பேச்சு. எல்லாச் சிக்கலுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது; பின்னால் வருகிறேன்.

அடுத்தது காலம். காமா எல்லா ஸ்ட்ரைக்கிலும், எல்லா நாளிலும் ஒரே அளவில் இருப்பதில்லை. நம் 100 டாலர் பங்கையே எடுத்துக்கொள்வோம். காலாவதிக்கு 30 நாள் இருக்கும்போது 100 ஸ்ட்ரைக்கின் காமா 0.046, 105 ஸ்ட்ரைக்கின் காமா 0.040. பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை. ஒரே ஒரு நாள் மீதமிருக்கும்போது? 100 ஸ்ட்ரைக்கில் அது 0.25 ஆகிவிடுகிறது, 105ல் 0.002க்கு விழுந்துவிடுகிறது. மாதம் முழுக்கப் பரவிக் கிடந்த பாரம் கடைசி நாளில் ஒரே புள்ளியில் வந்து குவிகிறது. அதே 10,000 கான்ட்ராக்ட்டுக்கு, முப்பது நாள் முன்பு ஒரு டாலர் அசைவுக்கு 46,000 பங்கு வாங்கவோ விற்கவோ வேண்டியிருந்தது. கடைசி நாளில் அதே ஒரு டாலருக்கு சுமார் 2.3 லட்சம் பங்கு (விலை ஸ்ட்ரைக்கைவிட்டு நகர நகரக் காமா குறைவதால் முழு 2.5 லட்சம் இல்லை).

அந்தப் பங்கில் நாளொன்றுக்கு 20 லட்சம் பங்குகள் கைமாறுகின்றன என்று வையுங்கள். 46,000 என்பது அதில் 2.3 சதவீதம்; கூட்டத்தில் கரைந்துவிடும். 2.3 லட்சம் என்பது 11 சதவீதத்துக்கும் மேல். அதுவும் சில நிமிடங்களுக்குள் வந்தால் விலை அதைக் கவனிக்காமல் இருக்க முடியாது. நாளுக்கு 5 கோடி பங்கு கைமாறும் இடத்தில் இதே 2.3 லட்சம் யார் கண்ணிலும் படாது. காமா எண்ணைத் தனியாகப் பார்ப்பவர்கள் அடிக்கடி மறப்பது இந்த வகுத்தலைத்தான்.

கடைசி நாளில் டீலர்கள் லாங் காமாவில் இருந்தால் ஒரு வேடிக்கை நடக்கும். பங்கு 100.40க்குப் போனால் விற்பனை வந்து அமுக்குகிறது, 99.60க்கு வந்தால் வாங்குதல் வந்து தூக்குகிறது. விலை ஸ்ட்ரைக்கைச் சுற்றியே சுற்றிச் சுற்றி வரும், முளையில் கட்டிய மாடு மாதிரி. சந்தையில் இதைப் பின்னிங் என்பார்கள். வெறும் வதந்தி இல்லை இது. நி, பியர்சன், பொட்டேஷ்மன் ஆகிய மூவர் 2005ல் வெளியிட்ட ஆய்வு, ஆப்ஷன் உள்ள பங்குகளின் முடிவு விலை காலாவதி நாட்களில் ஸ்ட்ரைக் விலைகளின் அருகே வழக்கத்தைவிட அதிகமாகக் குவிவதைக் காட்டியது. ஆப்ஷன் இல்லாத பங்குகளில் அந்தக் குவிப்பு இல்லை. ஒரு காலாவதி நாளில் இது பங்கின் வருவாயைச் சராசரியாகக் குறைந்தது 0.165 சதவீதமாவது மாற்றுகிறது என்பது அவர்கள் கணக்கு. கேட்க அற்பமாக இருக்கலாம். எல்லாப் பங்குகளையும் கூட்டினால் 900 கோடி டாலர் அளவுக்குச் சந்தை மதிப்பு இடம் மாறுகிறது. இன்னொன்றையும் அதே ஆய்வு சொன்னது: டீலர்களின் ஹெட்ஜ் மட்டும் காரணம் இல்லை, சில நிறுவனங்களின் சொந்தக் கணக்கு வர்த்தகர்கள் விலையைத் தங்களுக்குச் சாதகமாகத் தள்ளியதும் காரணம். இந்த இரண்டாவது பாதியை மேற்கோள் காட்டுபவர்கள் குறைவு.

டீலர் ஷார்ட் காமாவில் இருந்தால் முளை கழன்றுவிடும். விலை ஸ்ட்ரைக்கைவிட்டு விலக விலக, ஹெட்ஜ் அதை இன்னும் விலக்கும். அதனால் 'காலாவதி நாள் என்றால் பின்னிங்தான்' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது.

காலாவதி முடிந்த பிறகு என்ன? ஆப்ஷன் போனால் காமாவும் போகும், அதற்காக வைத்திருந்த ஹெட்ஜும் போகும். இரண்டு வாரம் 100ஐ ஒட்டியே நின்ற பங்கு அடுத்த திங்களன்று எந்தப் புதுச் செய்தியும் இல்லாமல் நடையை மாற்றினால், கட்டு அவிழ்ந்தது காரணமாக இருக்கலாம். எந்தப் பக்கம் போகும் என்று மட்டும் அது சொல்லாது.

இனி எல்லாரும் ஆர்வமாகப் பேசும் பகுதிக்கு வரலாம்: காமா ஸ்க்வீஸ். ஒரு பங்கின் மேல் கூட்டம் பாய்கிறது. சல்லிசாகக் கிடைக்கும், விலைக்கு எட்டாத ஸ்ட்ரைக் கொண்ட கால் ஆப்ஷன்களை வாங்கிக் குவிக்கிறது. டீலர் விற்கிறார், டெல்டா சின்னது என்பதால் கொஞ்சம் பங்கு வாங்கி வைக்கிறார். பங்கு ஏறி அந்த ஸ்ட்ரைக்கை நெருங்கினால் டெல்டா வீங்குகிறது, டீலர் இன்னும் வாங்குகிறார். அந்த வாங்குதலே விலையை ஏற்றுகிறது. கூட்டம் அடுத்த ஸ்ட்ரைக்குக்கு ஏறுகிறது. ஏணிப்படி மாதிரி ஒவ்வொரு ஸ்ட்ரைக்கிலும் இதே கதை. காமா இங்கே கதையைத் தொடங்குவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். யாரோ முதலில் தள்ள வேண்டும். காமா அந்தத் தள்ளலைப் பெருக்கிக் கொடுக்கிறது. புதிதாகக் கால் வாங்க ஆள் வராமல் நின்றாலோ, ஐ.வி. இறங்கினாலோ, அதே டீலர் வாங்கியதையெல்லாம் விற்கத் தொடங்குவார். ஏறிய அதே ஏணியில்தான் இறக்கமும்.

2020 ஆகஸ்டில் அமெரிக்கத் தொழில்நுட்பப் பங்குகள் காரணம் புரியாத வேகத்தில் ஏறின. செப்டம்பர் தொடக்கத்தில், ஜப்பானின் சாஃப்ட்பேங்க் சுமார் 400 கோடி டாலர் பிரீமியம் கொடுத்துத் தொழில்நுட்பப் பங்குகளின் கால் ஆப்ஷன்களை வாங்கியிருந்தது என்ற செய்தி வெளியானது; அந்த ஆப்ஷன்களின் பின்னால் இருந்த பங்கு மதிப்பு 3,000 கோடி டாலர் அளவு. சிறு முதலீட்டாளர்களும் அதே சமயத்தில் குறுகிய காலக் கால் ஆப்ஷன்களை வாங்கித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். செப்டம்பர் 3 அன்று நாஸ்டாக் குறியீடு ஒரே நாளில் ஏறத்தாழ 5 சதவீதம் விழுந்தது. ஏற்றம் முழுக்க டீலர் ஹெட்ஜால் வந்தது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனால் இவ்வளவு கால் ஆப்ஷன் ஒரே பக்கமாக வாங்கப்பட்டால் எதிர்ப்பக்கத்தில் நின்றவர்கள் பங்கை வாங்காமல் இருந்திருக்க முடியாது.

கேம்ஸ்டாப் கதை இன்னும் சுவாரசியமானது, காரணம் அது எல்லாரும் நினைத்தபடி இல்லை. 2021ஐ 19 டாலருக்குச் சற்றுக் கீழே தொடங்கிய பங்கு ஜனவரி 27 அன்று 347.51ல் முடிந்தது, மறுநாள் காலையில் 483ஐத் தொட்டது. உலகம் முழுக்க இது காமா ஸ்க்வீஸ் என்று விளக்கம் எழுதப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்கப் பங்குச் சந்தைக் கண்காணிப்பு ஆணையத்தின் அலுவலர்கள் அறிக்கை வெளியிட்டார்கள். தனிநபர்களின் ஆப்ஷன் வணிகம் ஜனவரி 21ல் 5.85 கோடி டாலராக இருந்தது, 27ல் 240 கோடியாகப் பெருகியது, சரி. ஆனால் அந்தப் பெருக்கம் பெரும்பாலும் புட் வாங்கியதால் வந்தது, கால் வாங்கியதால் அல்ல. அதைவிட முக்கியம், மார்க்கெட் மேக்கர்கள் கால் ஆப்ஷன்களை விற்றுக்கொண்டிருக்கவில்லை, வாங்கிக்கொண்டிருந்தார்கள். காமா ஸ்க்வீஸுக்கான ஆதாரம் காணவில்லை என்று அறிக்கை சொல்லிவிட்டது. பாடப்புத்தக உதாரணம் என்று எல்லாரும் காட்டிய இடத்திலேயே ஊகம் தலைகீழாகப் போயிற்று.

இந்தப் பெருக்கல் விளைவுக்கு டீலரே வேண்டும் என்பதுகூட இல்லை. 1980களில் பல ஃபண்டுகள் போர்ட்ஃபோலியோ இன்ஷூரன்ஸ் என்ற முறையைப் பின்பற்றின. புட் வாங்குவதற்குப் பதிலாக, சந்தை இறங்க இறங்க ஃபியூச்சர்ஸை, அதாவது பின்னொரு தேதிக்கு இன்றே விலை பேசும் ஒப்பந்தங்களை, விற்று, புட் வைத்திருந்தால் கிடைக்கும் பாதுகாப்பைத் தாங்களே உருவாக்கிக்கொள்வது. புட் விற்ற டீலர் செய்யும் ஹெட்ஜும் இதுவும் ஒரே வேலை. 1987 அக்டோபர் 19 அன்று டவ் ஜோன்ஸ் 22.6 சதவீதம் விழுந்தபோது இந்த விற்பனையும் அந்தச் சரிவுக்கு வேகம் கூட்டியது. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஒரே கணக்கு ஒரே கட்டளையைக் கொடுத்தது, வாங்க ஆளில்லை.

இதில் ஒரு முரண் இருக்கிறது. டெல்டா ஹெட்ஜ் என்ற யோசனையே ஃபிஷர் பிளாக், மைரன் ஷோல்ஸ் இருவரின் 1973ஆம் ஆண்டுச் சூத்திரத்தின் இதயம். அதே ஆண்டு ஏப்ரலில்தான் சிகாகோவில் ஆப்ஷன் சந்தை 16 பங்குகளின் கால் ஆப்ஷன்களோடு திறந்தது. அந்தச் சூத்திரம் ஒன்றை அமைதியாக எடுத்துக்கொள்கிறது: ஹெட்ஜ் செய்கிறவர் எவ்வளவு வாங்கினாலும் விற்றாலும் பங்கின் விலை அசையாது. ஆப்ஷன் சந்தை பங்குச் சந்தையின் ஓரத்தில் ஒரு சின்னத் திண்ணையாக இருந்த காலத்தில் அது நியாயமான அனுமானம். திண்ணை வீட்டைவிடப் பெரிதாகிவிட்ட பங்குகளில் அது பொய்த்துப் போகிறது. டீலர் காமாவைப் பற்றிய பேச்சு முழுவதும், அந்த அனுமானம் எவ்வளவு பொய்த்திருக்கிறது என்று அளக்கும் முயற்சிதான்.

சரி, அளப்பது எப்படி? பல இணையதளங்கள் தினமும் வெளியிடும் காமா எக்ஸ்போஷர் எண்ணின் உள்ளே பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. ஒவ்வொரு ஸ்ட்ரைக்கிலும் காமாவை ஓப்பன் இன்டரஸ்ட்டால், அதாவது தீர்க்கப்படாமல் நிற்கும் கான்ட்ராக்ட் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். அதை 100ஆல், பங்கின் விலையால், அந்த விலையின் ஒரு சதவீதத்தால் பெருக்க வேண்டும். பங்கு ஒரு சதவீதம் அசைந்தால் எத்தனை டாலருக்கு ஹெட்ஜ் செய்ய வேண்டும் என்பது கிடைக்கும். நம் 10,000 கான்ட்ராக்ட்டுக்கு அது 46 லட்சம் டாலர். எல்லா ஸ்ட்ரைக்குகளையும் கூட்டினால் மொத்தம்.

ஆனால் கூட்டும்போது முன்னால் பிளஸ் போடுவதா, மைனஸ் போடுவதா? ஓப்பன் இன்டரஸ்ட் எத்தனை கான்ட்ராக்ட் என்று சொல்லும். டீலர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று சொல்லாது. அதனால் கணக்குப் போடுபவர்கள் ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறார்கள்: வாடிக்கையாளர்கள் கால் விற்கிறார்கள், புட் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம், ஆகவே டீலருக்குக் கால் எல்லாம் பிளஸ், புட் எல்லாம் மைனஸ். குறியீட்டு ஆப்ஷன்களில் இது ஓரளவு பொருந்தும். பாதுகாப்புக்காகப் புட் வாங்கும் ஃபண்டுகளும், வருமானத்துக்காகக் கால் விற்கும் ஃபண்டுகளும் அங்கே அதிகம். தனிப் பங்குகளில்? சூடுபிடித்த ஒரு பங்கில் மக்கள் கால் வாங்குகிறார்கள், விற்பதில்லை. அங்கே இந்தக் குறுக்குவழி பிளஸ் என்று காட்டும் இடத்தில் உண்மை மைனஸாக இருக்கும். படம் கடிவாளம் என்று சொல்லும். பங்கு சாட்டையடி பட்டு ஓடிக்கொண்டிருக்கும்.

யார் எந்தப் பக்கம் என்ற உண்மையான தரவை வைத்து கார்லியனு, பெடர்சன், பொட்டேஷ்மன் 2009ல் வெளியிட்ட ஆய்வில் ஒரு விஷயம் தெரியவந்தது. குறியீட்டு ஆப்ஷன்களில் வாடிக்கையாளர்கள் மொத்தத்தில் வாங்கும் பக்கம் நிற்கிறார்கள். தனிப் பங்கு ஆப்ஷன்களில் சராசரியாக விற்கும் பக்கம். அதாவது சராசரித் தனிப் பங்கில் டீலர் லாங் காமா, அமைதிப்படுத்துகிறவர். ஆனால் நாம் வரைபடத்தைத் திறந்து பார்ப்பது சராசரிப் பங்குக்காக இல்லையே, எரிந்துகொண்டிருக்கும் பங்குக்காகத்தானே!

இன்னும் சில ஓட்டைகள் உண்டு. இரண்டு வாடிக்கையாளர்கள் தங்களுக்குள்ளேயே வாங்கி விற்றிருந்தால் அந்த ஓப்பன் இன்டரஸ்ட்டில் டீலரே இல்லை. டீலர் ஒரு ஆப்ஷனை இன்னொரு ஆப்ஷனால் ஹெட்ஜ் செய்திருந்தால் பங்குச் சந்தைக்கு வரவே மாட்டார். ஓப்பன் இன்டரஸ்ட் நாள் முடிந்துதான் புதுப்பிக்கப்படும். காலையில் திறந்து மாலையில் மூடிய நிலைகள் அதில் தெரியாது. ஒரே நாளில் காலாவதியாகும் ஆப்ஷன்கள் பெருகிவிட்ட காலத்தில் இது சின்ன ஓட்டை இல்லை. எஸ் அண்ட் பி 500 குறியீட்டுக்கு 2022 முதல் வாரத்தின் ஐந்து நாளும் காலாவதி இருக்கிறது. அந்த ஒருநாள் ஆப்ஷன்கள் சந்தையைக் கவிழ்த்துவிடும் என்ற பயம் அடிக்கடி கிளம்பும். அங்கே வாங்குவதும் விற்பதும் கிட்டத்தட்ட சரிசமமாக இருப்பதால் டீலர் கையில் தங்கும் நிகரக் காமா சிறியது என்று அந்தச் சந்தையை நடத்தும் சிபோ தன் தரவைக் காட்டிப் பதில் சொல்லிவருகிறது. தன் கடைச் சரக்கைப் பற்றிக் கடைக்காரரே சொல்வது என்றாலும், தர்க்கம் சரிதான்: எத்தனை கான்ட்ராக்ட் கைமாறின என்பதைவிட, ஒரு பக்கமாக எவ்வளவு மிஞ்சியது என்பதே முக்கியம்.

காமா ஃபிளிப் என்று ஒரு விலையைக் கோடு போட்டுக் காட்டுவார்கள். அதற்கு மேலே டீலர்கள் லாங், கீழே ஷார்ட். விலை இறங்கும்போது வாடிக்கையாளர்கள் வைத்திருக்கும் புட்களின் ஸ்ட்ரைக் நெருங்கி வருவதால், அவற்றை விற்ற டீலர்களின் ஷார்ட் காமா தலைதூக்கும் என்பது இதன் பின்னணி. சந்தை ஏறும்போது மெதுவாக நடந்து, இறங்கும்போது தடதடவென்று விழுவதற்கு இது ஒரு நல்ல பகுதி விளக்கம். ஆனால் அந்தக் கோடு மேலே சொன்ன பிளஸ், மைனஸ் அனுமானத்தின் மேல் போட்ட கோடு. அனுமானத்தைக் கொஞ்சம் மாற்றினால் கோடு நகரும். அதைச் சுவர் மாதிரி நம்பி, அதன் மேல் பணத்தைச் சாய்த்து வைப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

இத்தனை ஓட்டை இருந்தும், அடிப்படை விளைவு தரவில் நிற்கிறது. 2021ல் வெளியான ஒரு ஆய்வு, 1974 முதல் 2020 வரை 60க்கும் மேற்பட்ட ஃபியூச்சர்ஸ் சந்தைகளை எடுத்துப் பார்த்தது. நாள் முழுக்க எந்தப் பக்கம் போனதோ, கடைசி அரை மணியிலும் அதே பக்கம் போகும் சாய்வு தெரிந்தது. டீலர்களின் நிகரக் காமா மைனஸில் இருந்த நாட்களில் அந்தச் சாய்வு கூடுதல். சந்தை மூடுவதற்குள் ஹெட்ஜைச் சரிசெய்தாக வேண்டும் என்ற அவசரத்தின் தடம் அது. அதே ஆய்வில், அப்படி நகர்ந்த விலை அடுத்த சில நாட்களில் திரும்பி வந்ததும் தெரிந்தது. நிறுவனத்தின் மதிப்பு மாறி விலை நகர்ந்திருந்தால் திரும்பி வர வேண்டிய அவசியம் இல்லை.

இப்போது அந்த 2012 ஜூலை ரம்பத்தை மறுபடி எடுத்துப் பார்க்கலாம். அதற்குப் பின்னால் இருந்தது ஹெட்ஜ் புரோகிராம்தான் என்று வைத்துக்கொண்டால், எந்த வகை என்று படத்திலிருந்தே ஊகிக்கலாம். ஷார்ட் காமா டீலராக இருந்திருந்தால், விலை ஏறியதும் வாங்கியிருப்பார், அதனால் விலை இன்னும் ஏறியிருக்கும், இன்னும் வாங்கியிருப்பார். படத்தில் ஒரே பக்கமாகச் சரிவோ ஏற்றமோ தெரிந்திருக்கும், பல் தெரிந்திருக்காது. லாங் காமா என்றால் கதை வேறு. அரை மணிக்கொரு முறை மட்டும் விலையைப் பார்க்கிறது புரோகிராம். ஏறியிருக்கிறதா? விற்க வேண்டியதைக் கணக்கிட்டு, அடுத்த அரை மணி முழுக்கப் பரப்பி விற்கிறது. ஆனால் அந்த அளவு பெரியது. தன் விற்பனையே விலையைத் தேவைக்கு மேல் இறக்கிவிடுகிறது. அரை மணி கழித்துத் திரும்பப் பார்க்கிறது. அட, விலை இறங்கியிருக்கிறதே, வாங்கு! அப்புறம் அதே கதை எதிர்ப்பக்கம். தன் நிழலைப் பார்த்துத் தானே மிரண்ட குதிரை, சந்தை மூடும் மணி அடிக்கும்வரை முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தது.